பொருள்: 'முழுத்திரை' என்றால் எது முழுது? பிளேயர் மெனுவுக்கு ஆறு சொற்கள், வெள்ளி இரவுக்குள்

ந.செ. | செவ்வாய்

அனைவருக்கும் வணக்கம்.

நாம் மொழிபெயர்த்து வரும் திறமூல வீடியோ பிளேயருக்கு வெள்ளி இரவு 12 மணியோடு வாசல் மூடுகிறது. மிச்சம் இருப்பது பட அளவு மெனு மட்டும்: ஆஸ்பெக்ட் ரேஷியோ (படத்தின் அகலம் உயரத்தைப்போல் எத்தனை மடங்கு), ஃபிட் (படம் முழுதும் தெரிய அடக்குவது), கிராப் (ஓரத்தை வெட்டுவது), ஸ்ட்ரெச் (இழுத்து விரிப்பது), லெட்டர்பாக்ஸ் (மேலும் கீழும் கறுப்பு), பில்லர்பாக்ஸ் (இடமும் வலமும் கறுப்பு). ஒவ்வொன்றுக்கும் 16 குறியெழுத்துதான் இடம். மெய்ப்புள்ளி, உயிர்மெய்க் குறி எல்லாம் தனித்தனியே எண்ணப்படும். 'பட்டை' நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஐந்து.

பழைய கோப்பில் ஃபிட், கிராப் இரண்டுக்குமே 'முழுத்திரை' என்று இருக்கிறது. சாளரத்தைப் பெரிதாக்கும் பொத்தானுக்கும் அதே சொல். இதை முதலில் தீர்த்துவிட்டுப் போவோம்.

பொன். | செவ்வாய்

'முழுத்திரை'யைத் தூக்கிவிடுங்கள். ஆங்கிலத்திலேயே அது ஏமாற்றுச் சொல். அமெரிக்காவில் டிவிடி விற்ற காலத்தில் ஒரே படம் கடையில் இரண்டு உறையில் கிடைக்கும், ஒன்றில் வைட்ஸ்கிரீன், மற்றதில் ஃபுல் ஸ்கிரீன். இரண்டாவதை வாங்கியவர் படம் முழுதாக இருக்கிறது என்று நினைப்பார். முழுதாக இருந்தது அவர் வீட்டு 4:3 டிவியின் கண்ணாடி. படம் இல்லை.

கணக்கு இது. 2.35:1 படத்தை 4:3, அதாவது 1.33:1 டிவியில் உயரம் குறையாமல் நிரப்பினால் அகலத்தில் 57 விழுக்காடுதான் நிற்கும், 43 போய்விடும். சட்டத்தின் இரு ஓரத்திலும் ஆள் நின்று பேசும் காட்சியில் நடுவில் உள்ள சோபாதான் மிஞ்சும். அதனால்தான் ஒருவர் உட்கார்ந்து ஷாட் ஷாட்டாகச் சட்டத்தை இடம் வலம் நகர்த்தி வெட்டுவார். அதற்குப் பான் அண்ட் ஸ்கேன் என்று பெயர். ஒளிப்பதிவாளர் அசைக்காத கேமரா அங்கே அசையும்.

விதிவிலக்கும் உண்டு. 1.85 படங்கள் பலவற்றை ஃபிலிமில் முழு உயரத்துக்கும் எடுத்து, தியேட்டரில் மேலும் கீழும் மறைத்துக் காட்டுவார்கள். மறைப்பை எடுத்து 4:3க்குக் கொடுத்தால் படம் கூடும், குறையாது. கூடவே மேலிருந்து தொங்கும் மைக்கும் தெரியலாம்.

ஆகவே கேள்வி ஒன்றுதான்: எது முழுது, படமா திரையா? ஃபிட் என்பதற்குப் 'படம் முழுதும்' (13). நிரப்புவதில் இரண்டு வகை: 'வெட்டி நிரப்பு' (14), 'இழுத்து நிரப்பு' (15). எல்லாம் அடங்குகிறது.

தி. | செவ்வாய்

'வெட்டி நிரப்பு' என்று படித்ததும் வெட்டி வேலை, வெட்டிப் பேச்சு வரிசையில்தான் எனக்குக் கேட்டது. வெட்டியாக எதையோ நிரப்புகிறார்கள்.

பொன். | செவ்வாய்

அதுவும் உண்மைதானே.

வே.க. | புதன்

அன்பர்களே, கருவி வேலையாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சொல் வளம் கையிலிருக்கப் 'பட்டை' எதற்கு?

வைட்ஸ்கிரீனுக்கு 'வியன்திரை'. வள்ளுவர் 'விரிநீர் வியனுலகத்து' என்கிறார் (குறள் 13). வியன் என்றால் அகன்ற பரப்பு.

பில்லர்பாக்ஸ், லெட்டர்பாக்ஸ் இரண்டுக்கும் சிலம்பில் சொல் காத்திருக்கிறது. அரங்கேற்று காதையில் மூன்று எழினி, அதாவது மேடைத் திரைச்சீலை: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. ஒருமுகம் ஒரு பக்கத்திலிருந்து இழுப்பது. பொருமுகம் இரு பக்கத்திலிருந்தும் வந்து ஒன்றையொன்று எதிர்கொள்வது. கரந்துவரல் மேலே மறைந்திருந்து இறங்குவது. இடமும் வலமும் கறுப்பு நின்றால் அது பொருமுக எழினி அல்லவா? மேலிருந்து இறங்கினால் கரந்துவரல் எழினி.

இன்னும் கேளுங்கள். அதே காதையில் அரங்கு 'எழுகோல் அகலத்து எண்கோல் நீளத்து', மேலுள்ள உத்தரப் பலகைக்கும் அரங்கப் பலகைக்கும் இடைவெளி நாற்கோல். பார்ப்பவன் முன் அகலம் 7, உயரம் 4. வகுத்தால் 1.75. உங்கள் 16:9 எவ்வளவு? 1.78. முடிவை உங்களிடமே விடுகிறேன்.

பொன். | புதன்

வே.க. ஐயா, பார்வையாளர் பக்கம் இருப்பது ஏழுகோலா எட்டுகோலா? எட்டு என்றால் 2:1 ஆகிவிடும். அதுவும் புழக்கத்தில் உள்ள விகிதம்தான், 1998இல் இத்தாலிய ஒளிப்பதிவாளர் விட்டோரியோ ஸ்டொராரோ யூனிவிசியம் என்று பெயர் வைத்து முன்மொழிந்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு விகிதம் கிடைக்கும்.

16:9க்குத் தனிக்கதை உண்டு. 1980களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர் அன்று வழங்கிய விகிதங்களையெல்லாம் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக்கி, மையம் பொருந்த ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் சூழ்ந்த செவ்வகமும் எல்லாவற்றுக்கும் பொதுவான உட்செவ்வகமும் 1.77க்கு வந்தன. 1.33ஐ 2.35ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அதேதான். எந்தப் படத்துக்கும் முழு நியாயம் செய்யாத, எதற்கும் பெரிய அநியாயம் செய்யாத நடுவளவு. அதனால்தான் 16:9 டிவியிலும் கறுப்பு ஓயவில்லை. 1920×1080 திரையில் 2.39 படம் 803 வரி உயரம், மேலும் கீழும் 138 வரி கறுப்பு. 4:3 படம் 1440 அகலம், பக்கத்துக்கு 240.

தி. | புதன்

வியன்திரை என்றதும் வியன்னாவில் எடுத்த படம் என்று நினைத்தேன். மன்னிக்கவும் ஐயா.

வைட்ஸ்கிரீனுக்கு 'அகலத்திரை' ஏற்கெனவே ஓடுகிறது. புதிதாக எதையும் ஆக்க வேண்டாம். 'அகல்திரை' என்று வினைத்தொகையாகச் சுருக்கவும் வேண்டாம், ஒரு கொம்பு மாறினால் அகல்திரி ஆகி விளக்கேற்றிவிடும். சொல்லப்போனால் தமிழ்ச் சுவரொட்டி 1973இல் 'ராஜராஜ சோழன்' வந்ததிலிருந்து 'சினிமாஸ்கோப்' என்றுதான் பழகியது. சோழனே மொழிபெயர்க்காததை நாம் ஏன் என்று கேட்டால் என்ன பதில்?

மா. | புதன்

தாமதமாக நுழைகிறேன். லெட்டர்பாக்ஸ் என்பது தபால் போடும் பிளவின் வடிவம், அகலம் மிகுந்து உயரம் குறைந்தது. பில்லர்பாக்ஸ் பிரிட்டனில் தெருவோரம் தூண்போல் நிற்கும் சிவப்புத் தபால் பெட்டி. ஆங்கிலத்தில் ஒன்றைப் பார்த்து மற்றது பிறந்தது. நமக்கு அந்தச் சிலேடையைச் சுமக்கும் கடமை இல்லை. 'அஞ்சல்பெட்டி' என்று போட்டால் ஜிமெயில் திறக்கும் என்று அழுத்துவார்கள்.

'பட்டை'யும் 'எழினி'யும் வேண்டாம், 'கரை' என்கிறேன். புடவைக்கும் வேட்டிக்கும் நீளவாக்கில் இரு ஓரத்திலும் ஓடுவது கரைதானே. லெட்டர்பாக்ஸ் அச்சாக அதுதான். 'மேல்கீழ்க் கரை', 'பக்கக் கரை'.

தி. | புதன்

அப்படியானால் பில்லர்பாக்ஸ் முந்தானை. ஆனால் அது ஒரு பக்கம்தான் இருக்கும்.

ந.செ. | வியாழன்

'கரை' எனக்கும் பிடித்தது. இரண்டு தடைகள். சோதனைக் கோப்பில் போட்ட உடனே ஒருவர் 'பக்கக் கறை' என்று திருத்தி அனுப்பிவிட்டார், திரையைத் துடைக்கச் சொல்வதுபோல் ஆகிவிட்டது. இரண்டாவது, ஒரு காட்சி மங்கி அடுத்தது எழுவதற்குக் 'கரைவு' என்று இதே பிளேயரின் வடிகட்டிப் பட்டியலில் ஏற்கெனவே வைத்திருக்கிறோம்.

தோற்ற விகிதம், உருவ விகிதம், அகல உயர விகிதம் மூன்றில் எது? கடைசியதற்குச் சரியாக 15.

பொன். | வியாழன்

அகல உயர விகிதம். எண்ணில் எது முன்னால் வருகிறது என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. 'தோற்றம்' அகராதியில் ஆஸ்பெக்ட்டுக்கு நேராகக் கண்ட சொல்லை எடுத்துவைத்தது.

சொல்லை முடிவு செய்யும்முன் ஒரு சோதனை: பயனர் எங்கே தவறுகிறாரோ அங்கே அந்தச் சொல் உதவுகிறதா?

பழைய டிவிடிகள் பலவற்றில் கறுப்பு படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். 720×576 சட்டம் 4:3 என்று குறிக்கப்பட்டு, அதற்குள் 2.35 படம் சுமார் 327 வரியில் இருக்கும். 16:9 டிவியில் போட்டால் நாலு பக்கமும் கறுப்பு, நடுவில் தபால்தலை. இதைக் கண்டதும் பயனர் விகிதத்தை 16:9 ஆக்குகிறார். பக்கக் கறுப்பு போகும், முகங்கள் மூன்றில் ஒரு பங்கு அகலும். செய்ய வேண்டியது வெட்டு: விகிதத்தைத் தொடாமல் கிராப்பை 16:9இல் வைத்தால் மேல்கீழ்க் கறுப்பில் ஒரு பகுதி போய், படம் உருக்குலையாமல் பெரிதாகும். விஎல்சி பழகியவர்களுக்குச் சொன்னால், அழுத்த வேண்டியது வெட்டுக்கான சி விசை, விகிதத்துக்கான ஏ இல்லை. கீழ்க் கறுப்பில் பதிந்த வசனவரி இருந்தால் அதன் இரண்டாம் வரி வெட்டுப்படும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே 720×576இல் 16:9 என்று குறித்த டிவிடியும் உண்டு. அங்கே படம் பக்கவாட்டில் ஒடுக்கிப் பதிந்திருக்கும், பிளேயர் விரிக்க வேண்டும். குறி தவறிப்போன கோப்பில் எல்லோரும் ஒல்லியாக நிற்பார்கள். அதற்குத்தான் விகிதம். ஒன்று வடிவத்தைச் சரிசெய்வது, மற்றது ஓரத்தை நீக்குவது. 'விகிதம்', 'வெட்டு' என்று பச்சையாக இருந்தால்தான் இந்த வேறுபாடு கையில் நிற்கும். கரந்துவரல் எழினியைப் பார்த்து எந்தப் பொத்தானை அழுத்துவது என்று யாருக்கும் தெரியாது.

வே.க. | வியாழன்

'விகிதம்' வடசொல். அதை எல்லோரும் விழுங்கிவிட்டீர்கள், எழினிதான் தொண்டையில் நிற்கிறது. தெரியாத சொல் ஒருநாள் தெரிந்த சொல்லாகும். 'பேருந்து' முதல்நாளே புரிந்ததா?

மா. | வியாழன்

பேருந்து நம்மைக் கடந்து தினமும் போகிறது ஐயா, நெற்றியில் பெயர் எழுதிக்கொண்டு. பில்லர்பாக்ஸ் மெனுவை வருடத்தில் ஒருநாள் திறப்பார்கள்.

தி. | வெள்ளி

'கறுப்புப் பட்டை' என்று மட்டும் போடாதீர்கள், கராத்தே வகுப்பு. நிறமும் நிலையில்லை, சில டிவிகள் சாம்பல் நிறத்தில் நிரப்பும். 'மேல்கீழ்ப் பட்டை', 'பக்கப்பட்டை' போதும்.

ந.செ. | வெள்ளி, இரவு 11:20

ஏற்றிவிட்டேன்: அகல உயர விகிதம், படம் முழுதும், வெட்டி நிரப்பு, இழுத்து நிரப்பு, மேல்கீழ்ப் பட்டை, பக்கப்பட்டை. ஆதரவு நான்கு, எதிர்ப்பு ஒன்று. 'கரை'யை மா. தாமே விலக்கிக்கொண்டார். 'முழுத்திரை' இனிச் சாளரப் பொத்தானுக்கு மட்டும்.

'மேல்கீழ்ப் பட்டை' சரியாக 16. கைப்பேசியில் கடைசி எழுத்து ஓரத்தை உரசுகிறது, வெட்டுப்படவில்லை.

வே.க. | வெள்ளி, இரவு 11:52

பொருமுக எழினி 13. உரசாது. பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன்.