4 வயசுக் குழந்தைக்குத் துணி ஹேர்பேண்ட்: தலையில நிக்கவே மாட்டேங்குது, அளவு எங்கே தப்பு?

நூல்கண்டு:

வணக்கம் தோழிகளே. 4 வயசுப் பொண்ணுக்குத் துணியில ஹேர்பேண்ட் தைக்கிறேன். பிளாஸ்டிக் வளையம் காதுக்குப் பின்னாடி குத்துதுன்னு அதை விட்டாச்சு.

தலைச் சுற்றளவு 20 இன்ச். காட்டன் பாப்ளின்ல 20 இன்ச் நீளம், 4 இன்ச் அகலம் வெட்டி, குழாயாத் தைச்சுத் திருப்பி, உள்ளே கால் இன்ச் எலாஸ்டிக் 14 இன்ச் நீளத்துக்குக் கோத்து வட்டமா மூட்டினேன். பார்க்க நல்லா இருக்கு. ஆனா போட்டுப் பத்து நிமிஷத்துல வழுக்கி உச்சிக்கு ஏறிடுது. கழட்டினா காதுக்குப் பின்னாடி சிவப்பாத் தடம். இரண்டு தடவை துவைச்சதும் எலாஸ்டிக் ஒரு முனை தையல்ல இருந்து உருவிக்கிட்டு உள்ளே போயிடுச்சு.

மிஷின் சாதா கால் மிஷின், நேர் தையல் மட்டும்தான், ஜிக்ஜாக் கிடையாது. தினமும் தலைக்கு எண்ணெய் வைக்கிறோம், அதனாலதான் வழுக்குதா? சரியான அளவு சொல்லுங்க.

கத்தரிமுனை:

எண்ணெயும் ஒரு காரணம், ஆனா முதல் காரணம் எலாஸ்டிக் இருக்கிற இடம். நெற்றிக்கு மேலே போகப் போகத் தலை ஒடுங்குது. சுற்று முழுக்க எலாஸ்டிக் ஓடினா முன் பக்கமும் இறுக்கிப் பிடிக்கும், பிடிச்சது ஒடுங்கின பக்கமா நழுவி மேலே ஏறும். இழுப்பு பிடரியில மட்டும் இருக்கணும். பின்மண்டையில ஒரு மேடு இருக்கும், விரலால தடவினாத் தெரியும். எலாஸ்டிக் அந்த மேட்டுக்குக் கீழே போய் உட்கார்ந்துட்டா ஏறாது.

அதனால ஹேர்பேண்டை இரண்டு துண்டா வெட்டுங்க. முன்னாடி எலாஸ்டிக் இல்லாத அகலப் பட்டை, பின்னாடி எலாஸ்டிக் போகிற ஒல்லி உறை.

டேப்பை எங்கே வைக்கிறோம்ங்கறதும் முக்கியம். டாக்டர் அளக்கிற மாதிரி புருவத்துக்கு மேலே சுத்தி அளக்காதீங்க. ஹேர்பேண்ட் எந்த வழியாப் போகுமோ அதே வழியா டேப்பும் போகணும்: நெற்றியில முடி ஆரம்பிக்கிற இடம், காதுக்குப் பின்னாடி, பிடரி. ரெட்டை ஜடை போடுற பிள்ளைன்னா ஜடைக்கு அடியில டேப்பை விட்டு அளந்துக்கோங்க. அப்படி அளந்தும் 20 இன்ச் வந்தா வெட்ட வேண்டியது:

முன் பட்டை: 15½ இன்ச் நீளம், 5 இன்ச் அகலம்
எலாஸ்டிக் உறை: 9 இன்ச் நீளம், 2 இன்ச் அகலம்
எலாஸ்டிக்: அரை இன்ச் அகலம், 5 இன்ச் நீளம்

நீளவாக்குத் தையலுக்குக் கால் இன்ச், மூட்டுற முனைகளுக்கு அரை இன்ச் சேர்த்த அளவு இது. தைச்சு முடிச்சா முன் பட்டை 14½ நீளம், 2¼ அகலம் நிக்கும். உறை முக்கால் இன்ச் அகலம், 8 இன்ச் நீளம். எலாஸ்டிக் 4 இன்ச். சும்மா வச்சா மொத்தச் சுற்று 18½. முழுசா இழுத்தா 22½ வரைக்கும் போகும், தலையில மாட்டும்போது தாராளம். மாட்டின பிறகு எலாஸ்டிக் 4-ல இருந்து 5½-க்கு இழுபட்டு நிக்கும், அந்தப் பிடிப்பு போதும். மூட்டு காதை விட்டு இரண்டு இன்ச் போலப் பின்னாடி தள்ளி விழும், எலும்பு மேல அழுத்தாது.

வேற வயசுக்கு உறையையும் எலாஸ்டிக்கையும் மாத்தவே வேண்டாம். தலை அளவுல 4½ கழிச்சா முன் பட்டை நீளம். 19 இன்ச் தலைக்கு 14½, 21 இன்ச் தலைக்கு 16½.

தைக்கிறது: முன் பட்டையை நல்ல பக்கம் உள்ளே இருக்க நீளவாக்குல மடிச்சுக் கால் இன்ச்ல தைங்க. திருப்புறதுக்கு முன்னாடியே தையலை நகத்தால விரிச்சு ஒரு இஸ்திரி போட்டா, திருப்பின பிறகு ஓரம் நெளியாது. திருப்பினதும் தையல் பட்டையோட நடுவுல வர மாதிரி உருட்டி மறுபடி இஸ்திரி. தையல் இருக்கிற முகம் தலைப் பக்கம்.

உறையையும் இதே மாதிரிதான் தைக்கணும், ஆனா ஒல்லியா இருக்கிறதால திருப்பத்தான் சிரமம். ஒரு முனையில ஊக்கைக் குத்தி, பாவாடைக்கு நாடா கோக்கிற மாதிரி குழாய்க்கு உள்ளேயே தள்ளி மறுமுனையில உருவுங்க. ஊக்கு சின்னதா இருந்தா துணி கிழிஞ்சு வெளியே வந்துடும். அப்படியும் வரலைன்னா திருப்பவே வேண்டாம்: இரண்டு ஓரத்தையும் கால் இன்ச் உள்ளே மடிச்சு, பட்டையை இரண்டா மடிச்சு, வெளிப்பக்கம் ஓரத்தை ஒட்டி ஒரு தையல் ஓட்டிடுங்க. அகலம் அதே முக்கால் இன்ச்தான் வரும்.

பாபின்கேஸ்:

அளவு சரியாச் சொல்லிட்டாங்க. உருவிக்கிட்டுப் போன எலாஸ்டிக்கைப் பத்தியும் மூட்டைப் பத்தியும் நான் சொல்றேன். ஹேர்பேண்ட் பிரியறது எப்பவும் மூட்டுலதான்.

கடையில கேக்கும்போது எலாஸ்டிக்கைக் கையில வாங்கி இழுத்துப் பாருங்க. இழுக்கும்போது அகலம் குறைஞ்சு ஒல்லியானா அது பின்னல் எலாஸ்டிக். ஊசி பட்ட இடத்துல பிடி தளர்ந்துடும், முனையும் பிசிறும். இழுத்தாலும் அகலம் மாறாம, நீளவாக்குலயும் குறுக்கிலயும் வரி தெரியறது நெய்த எலாஸ்டிக். அதை வாங்குங்க. கால் இன்ச் அகலம் வேண்டாம். அதே இழுப்பு ஒல்லியான கோட்டுல விழுறதாலதான் தடம் பதியுது.

எலாஸ்டிக் ஒரு முனையை உறையோட முனைக்கு நேரா வச்சு, ஓரத்துல இருந்து கால் இன்ச் உள்ளே குறுக்குத் தையல் போட்டு முதல்ல நிறுத்துங்க. மறுமுனையில ஊக்கு மாட்டி உள்ளே செலுத்துங்க. 9 இன்ச் உறை 5 இன்ச் எலாஸ்டிக் மேல சுருங்கிக்கிட்டே வரும். எலாஸ்டிக் முனை வெளியே எட்டிப் பார்த்ததும் குண்டூசி குத்திட்டுத்தான் ஊக்கைக் கழட்டணும், இல்லைன்னா சடக்குன்னு உள்ளே ஓடிடும். அந்த முனையையும் கால் இன்ச்ல தைச்சு நிறுத்துங்க. இரண்டு முனையும் நின்ன பிறகுதான் மூட்டணும்.

முன் பட்டையைத் தையல் இல்லாத முகம் மேலே பார்க்க மேசையில விரிங்க. உறையை அதன் மேலே, பட்டையோட நடுவுல, முனைக்கு முனை நேரா வைங்க. உறையோட நீளம் பட்டை மேலேயே படுத்திருக்கும், வெளியே நீட்டிக்கிட்டு இருக்காது. பட்டையோட இடது ஓரத்தைத் தூக்கி உறை மேல மூடுங்க. வலது ஓரத்தை அதுக்கு மேல மூடுங்க. பட்டை 2¼, உறை முக்கால், அதாவது சரியா மூணு பங்கு. அதனால மடிப்பு பிசகாம உட்காரும். முனையில இருந்து அரை இன்ச்ல குறுக்கே தைங்க. முன்னாடி போட்ட நிறுத்துத் தையலைத் தாண்டி உள்ளே விழுறதால எலாஸ்டிக் இரண்டு தையல்ல மாட்டிக்கும். இப்ப உறையைப் பிடிச்சு வெளியே இழுத்தா மூட்டு தானாப் புரண்டு, பிசிறு எல்லாம் உள்ளே போய், மேல் பக்கம் சுத்தமா வரும்.

அந்த இடத்துல எட்டு அடுக்குத் துணி, கூட எலாஸ்டிக். 16 நம்பர் ஊசி மாட்டி, மிதிக்காம கைச்சக்கரத்தைக் கையாலயே சுத்தித் தைங்க. வேகமா மிதிச்சா ஊசி வளையும், இல்லை தையல் தாண்டும். போய் வந்து மூணு தடவை ஓட்டுங்க. எலாஸ்டிக்கை இழுக்காம முனையை மட்டும் தைக்கிறதால ஜிக்ஜாக் இல்லாதது ஒரு குறையே இல்லை. மிஷின் அந்தக் கனத்தைத் தாங்கலைன்னா கையிலயே இரட்டை நூலில் கெட்டித் தையல் (பேக் ஸ்டிட்ச்) போடலாம், அதுவும் பிரியாது.

இரண்டாவது மூட்டைத் தைக்கும் முன்னாடி உறை முறுக்கியிருக்கான்னு பாருங்க. எலாஸ்டிக்கோட சுருங்கின உறையில முறுக்கு கண்ணுக்குத் தெரியாது. இரண்டு கையாலயும் முழுசா இழுத்துப் பிடிச்சுப் பார்த்துட்டுத் தைங்க.

வெள்ளைப்பாப்ளின்:

துணியை வெட்டறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி தண்ணியில ஊற வச்சு, காய வச்சு, இஸ்திரி போட்டுக்கோங்க. புதுக் காட்டன் முதல் துவையல்ல சுருங்கும். முன் பட்டை அரை இன்ச் சுருங்கினாலும் குழந்தைக்கு இறுக்கம் தெரியும். சிவப்பு, கருநீலம், சுங்கடி மாதிரி அடர் நிறம்னா ஈர வெள்ளைத் துணியால பத்துத் தடவை அழுத்தித் தேச்சுப் பாருங்க. வெள்ளையில சாயம் ஏறினா வேர்வையில நெற்றிக்கும் இறங்கும். தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசிட்டு வெட்டுங்க.

முன் பட்டையோட நீளம் துணியின் கரைக்கு இணையா வரட்டும், அந்தப் போக்குல துணி இழுபடாது. கிராஸா, அதாவது மூலைவாட்டமா வெட்டினா தலையோட வளைவுக்கு நல்லாப் படியும், ஆனா நாளாக நாளாக நீண்டு தொளதொளன்னு ஆயிடும்.

எண்ணெய்க்கு வர்றேன். சாட்டின், பாலியஸ்டர் இரண்டும் எண்ணெய்த் தலையில நிக்காது, காட்டன் நிக்கும். அதுவும் வழுக்கினா முன் பட்டையோட உள்முகத்துல, நடு 6 இன்ச்சுக்கு முக்கால் இன்ச் வெல்வெட் ரிப்பன் வச்சு இரண்டு ஓரமும் தைங்க. வெல்வெட்டோட மயிர் முடியைப் பிடிச்சுக்கும். பட்டையைக் குழாயா மடிக்கும் முன்னாடியே ரிப்பனைத் தைச்சுட்டா மேல் முகத்துல தையல் தெரியாது.

எலாஸ்டிக்குக்கு உள்ளே இருக்கிறது ரப்பர். எண்ணெய் ஏற ஏற ரப்பர் ஊறித் தளர்ந்துடும். இரண்டு மூணு தடவை போட்டதுமே சோப்புப் போட்டு எண்ணெய் போகக் கசக்கி, நிழல்ல காய வைங்க. முறுக்கிப் பிழிய வேண்டாம், எலாஸ்டிக் மேல இஸ்திரியும் வேண்டாம். எலாஸ்டிக் தளர்ந்தா ஹேர்பேண்டையே தூக்கிப் போடாதீங்க. ஒரு பக்க மூட்டையும் அந்தப் பக்க நிறுத்துத் தையலையும் பிரிச்சு, பழைய எலாஸ்டிக்கோட அந்த முனையில புது எலாஸ்டிக்கைத் தைச்சு, மறுபக்க மூட்டையும் நிறுத்துத் தையலையும் பிரிச்சு அங்கே இருந்து இழுத்தா புதுசு உள்ளே வந்துடும்.

நூல்கண்டு:

ரொம்ப நன்றி. ஊசியும் எலாஸ்டிக்கும் வாங்கிட்டுத் தைக்கிறேன். இன்னும் இரண்டு கேள்வி. பட்டுப்பாவாடைத் துணி மிச்சம் இருக்கு, ஜரிகைக் கரையோட, அதுலயும் இதே அளவுல தைக்கலாமா? 6 மாசத் தங்கச்சிக்கும் ஜோடியா ஒண்ணு தைக்கலாம்னு ஆசை.

கத்தரிமுனை:

பட்டுல முழுக் குழாயாத் தைக்காதீங்க. மேல் முகம் பட்டு, உள்முகம் மெல்லிய காட்டன்னு இரண்டு துண்டாப் போடுங்க. ஒவ்வொண்ணும் 15½ நீளம், 2¾ அகலம். நல்ல பக்கங்களைச் சேர்த்து இரண்டு நீள ஓரத்தையும் கால் இன்ச்ல தைச்சுத் திருப்பினா அதே 2¼ வரும். பட்டு இழை இழையாப் பிரியும், அதனால வெட்டும் முன்னாடியே பின்பக்கம் மெல்லிசு ஃபியூசிங் (இஸ்திரிச் சூட்டுல ஒட்டிக்கிற உள்துணி) ஒட்டிடுங்க. மேலே ஒரு காட்டன் துணி போட்டு மிதமான சூட்டுல, தேய்க்காம அழுத்தி எடுக்கணும். ஃபியூசிங் நடு 12 இன்ச்சுக்குப் போதும். முனை வரை போனா மூட்டு கட்டை மாதிரி ஆயிடும்.

ஜரிகை பட்டையோட நடுவுல ஓடட்டும். ஓரத்துக்கு வந்தா நெற்றியில உரசும், தையலுக்குள்ள போனா ஊசி பட்டு ஜரிகை அறுந்து குத்தும். உறையை அதே நிறக் காட்டன்லயே தைங்க. பிடரியில வேர்வை படுற இடம் அது, முடிக்கு அடியில மறைஞ்சும் போயிடும். பட்டுக்கு 11 நம்பருக்கு மேல ஊசி வேண்டாம், ஓட்டை தெரியும். மூட்டைக் கையில தைங்க. எண்ணெய் வச்ச தலைக்கு இதைப் போடாதீங்க, கறை போகாது.

பாபின்கேஸ்:

6 மாசக் குழந்தைக்கு எலாஸ்டிக்கே வேண்டாம். பனியன் துணி எடுத்துக்கோங்க. திருப்பூர் பனியன் கட் பீஸ் கிடைச்சா நல்லது, இல்லைன்னா நல்லாத் துவைச்ச பழைய டி-ஷர்ட்டே போதும். துணி எந்தப் பக்கம் அதிகமா இழுபடுதோ அது நீளவாக்குல வரணும். தலை அளவுல ஒரு இன்ச் கழிச்சு நீளம், 5 இன்ச் அகலம். நீளவாக்குல மடிச்சுக் குழாயாத் தைச்சுத் திருப்பி, இரண்டு முனையையும் கையில கெட்டித் தையலால மூட்டுங்க. பனியனுக்குப் பந்துமுனை ஊசி மாட்டணும், சாதா ஊசி இழையை அறுத்து ஓட்டை விழ வைக்கும். நேர் தையல்னா தைக்கும்போது துணியைக் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சுத் தைங்க. தளர்வா வச்சுத் தைச்சா மாட்டும்போது நூல் அறுந்துடும்.

போட்ட பிறகு சுண்டு விரல் தாராளமா உள்ளே போகணும். கழட்டினதும் நெற்றியில கோடு தெரிஞ்சா பிரிச்சுப் பெருசாக்குங்க, உச்சிக்குழி மூடாத வயசு. பட்டன், மணி, முத்து எதுவும் வைக்காதீங்க, பிய்ச்சு வாயில போட்டுக்கும். தொட்டில்ல போடும்போதும் கார்ல தூங்கும்போதும் கட்டாயம் கழட்டிடுங்க. நழுவினா நேரா மூக்குக்கும் வாய்க்கும்தான் இறங்கும்.