வீடு வாங்க 20 சதவீதம் கையில் இருந்தால் போதுமா?

முகில்24:
வீட்டு விலையில் 20 சதவீதம் சேர்ந்துவிட்டது. மீதி 80-ஐ வங்கி தரும் என்கிறார்கள். இதை நம்பித் தேட ஆரம்பிக்கலாமா, இன்னும் என்ன தயார் செய்ய வேண்டும்? பார்ப்பதெல்லாம் ஏற்கெனவே ஆள் குடியிருந்த வீடுகள்தான்.

கணக்குநோட்டு:
போதாது. பத்திரச் செலவு, பதிவுக் கட்டணம், வக்கீல், வங்கிக் கட்டணங்கள், காப்பீடு, குடிபோகிற செலவு, போன கையோடு வருகிற ரிப்பேர் எல்லாம் அந்த 20-க்கு மேல். இவற்றுக்குப் பெரும்பாலும் கடன் கிடைக்காது.

அதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. நீங்கள் பேசி முடித்த விலை, மதிப்பீட்டாளர் போடும் மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் வங்கி 80 சதவீதம் பார்க்கும். விலை 100, மதிப்பீடு 92 என்றால் கடன் 73.6. நீங்கள் போட வேண்டியது 26.4. அட்வான்ஸ் கொடுத்த பிறகு இது தெரிந்தால் பலர் தனிநபர் கடனுக்கு ஓடுகிறார்கள். அந்தத் தவணை சேர்ந்ததும் வீட்டுக் கடனுக்கான தகுதியே குறைந்துவிடும்.

அடுத்தது தவணை. 1,00,000 கடன், 8 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதம் 836. முதல் மாதம் வட்டிக்கு 667 போய்விடும், அசலில் கழிவது 170-க்கும் கீழே. 30 வருடமாக நீட்டினால் தவணை 734-க்கு இறங்கும், ஆனால் மொத்த வட்டி 1,00,700 சொச்சத்திலிருந்து 1,64,000-க்கு மேல் போகும்.

மாறும் வட்டியா என்று முதலில் கேளுங்கள். ஆரம்பத்திலேயே வட்டி 9 ஆகி, தவணை அதே 836-ஆக இருந்தால் 240 மாதக் கடன் 304 மாதம் ஓடும். 10 ஆனால் வட்டியே 833. அசல் அசையவே அசையாது, வங்கி தவணையை 965 பக்கம் ஏற்றிவிடும். அதனால் இன்றைய வட்டியோடு 2 சதவீதம் கூட்டி, அந்தத் தவணையும் பழைய கடன் தவணைகளும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் 35 முதல் 40 சதவீதத்துக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். வங்கி இதைவிடக் கூடுதலாகத் தர ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொண்டதற்காக வாங்க வேண்டியதில்லை.

சாவி கைக்கு வந்த அன்று, புதிய தவணையையும் சேர்த்து ஆறு மாதச் செலவுக்குப் பணம் மீதி இருக்க வேண்டும்.

நிலாமுற்றம்:
மேலே சொன்னதை ஒத்திகை பார்க்க எளிய வழி உண்டு. வரப்போகும் தவணையோடு பராமரிப்பையும் (வருடத்துக்கு வீட்டு மதிப்பில் 1 சதவீதம் என்று வையுங்கள்) கூட்டி, இப்போதைய வாடகையைக் கழியுங்கள். அந்த வித்தியாசத்தைச் சம்பள நாளிலேயே தனிக் கணக்கில் போட்டு ஆறு மாதம் தொடாமல் இருங்கள். நடுவில் எடுக்க வேண்டி வந்தால் பட்ஜெட்டைக் குறையுங்கள். தாங்கினால் அந்தப் பணமே பத்திரச் செலவுக்கு ஆகும்.

அதே ஆறு மாதத்தில் கடன் வரலாற்று அறிக்கையையும் வாங்கிப் பாருங்கள். அடைத்த கடன் இன்னும் பாக்கி என்று நிற்பதும், யாருக்கோ போட்ட ஜாமீன் உங்கள் கணக்கில் இருப்பதும் சகஜம். திருத்த வாரக்கணக்கில் ஆகும். விண்ணப்பித்ததிலிருந்து பணம் கைமாறும் வரை புதிய கார்டு, வண்டிக் கடன், வேலை மாற்றம் எதுவும் வேண்டாம். வங்கி கடைசி நேரத்தில் மறுபடி சரிபார்க்கும்.

செங்கல்சூளை:
பழைய வீடு என்கிறீர்கள், அதனால் இதைச் சொல்கிறேன். மழை பெய்த மறுநாள் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். வெயில் நாளில் எந்தச் சுவரும் நல்ல சுவர்தான்.

ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் என்றால் அதன் அடிப்பகுதியைத் தடவிப் பாருங்கள். ஓதமோ உப்புப் பூத்த வெள்ளைப் பொடியோ மறைந்திருக்கலாம். தலைமுடி கனத்தில் இருக்கும் விரிசல் பெரும்பாலும் பூச்சு காய்ந்ததால் வருவது. ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாக ஓடி, 5 மில்லிமீட்டருக்கு மேல் வாய் திறந்திருக்கும் விரிசல் அஸ்திவாரம் இறங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். பக்கத்துக் கதவும் இடித்துக்கொண்டு மூட மறுத்தால், கட்டடப் பொறியாளர் பார்க்காமல் அட்வான்ஸ் வேண்டாம்.

எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து வேகம் குறைகிறதா, தண்ணீர் தேங்குகிறதா என்று கவனியுங்கள். பிறகு எல்லாவற்றையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரை அரை மணி நேரம் பாருங்கள். முள் நகர்ந்தால் எங்கோ ஒழுகக்கூடும். மின் பலகையில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் இருந்தால், டெஸ்ட் பட்டனை அழுத்தியதும் அது தானாக அணைய வேண்டும். அணையாவிட்டால் பழுது. அப்படி ஒன்று இல்லவே இல்லையென்றால் புதிதாகப் போடும் செலவைக் கணக்கில் சேருங்கள். கடைசியாக டேப் பிடித்துச் சுவருக்குச் சுவர் அளந்து பாருங்கள். விளம்பரத்தில் போடும் அளவில் பொதுப் படிக்கட்டும் சேர்ந்திருக்கக்கூடும்.

முகில்24:
மதிப்பீடு குறைந்து வந்தால் கொடுத்த அட்வான்ஸ் என்ன ஆகும்?

கணக்குநோட்டு:
எழுதி வைத்தபடி ஆகும். வாய்ப் பேச்சாக விட்டால் திரும்பி வருவது கடினம். கடன் மறுக்கப்பட்டாலோ, மதிப்பீடு இன்ன தொகைக்குக் கீழே வந்தாலோ, பத்திரத்தில் குறை இருந்தாலோ முழு அட்வான்ஸும் இத்தனை நாளுக்குள் திரும்ப வர வேண்டும் என்று தேதி போட்டு ஒப்பந்தத்தில் எழுதுங்கள். விற்பவர் பெயரில் அந்த வீட்டின் மேல் கடன் இருந்தால், அது அடைந்து அடமானம் நீங்கியதற்கான கடிதம் இல்லாமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். பரம்பரைச் சொத்தென்றால் வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போடுகிறார்களா என்று உங்கள் வக்கீல் பார்க்கட்டும். விற்பவரின் வக்கீல் பார்த்தது போதாது.