செல்டிக்கா, கெல்டிக்கா? இந்தச் சொல் எதைக் குறிக்கிறது?

தாமரைக்குளம் கேட்கிறார்:

வார இதழ் ஒன்றுக்காக அயர்லாந்து, ஸ்காட்லாந்து பயணக் கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரே சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. கல்லறைத் தோட்டத்தில் செல்டிக் சிலுவை, மதுக்கூடத்தில் செல்டிக் இசை, கிளாஸ்கோவில் செல்டிக் கால்பந்து அணி, பொருளாதாரம் பற்றிய பத்தியில் செல்டிக் புலி. ஆசிரியர் எல்லாவற்றையும் 'கெல்டிக்' என்று திருத்தி அனுப்பியிருக்கிறார், கால்பந்து அணியின் பெயர் உட்பட. எது சரி? இது இனத்தின் பெயரா, மொழியின் பெயரா? போதாக்குறைக்கு, ஒரு தொல்லியல் கட்டுரையில் கற்கோடரியையும் 'செல்ட்' என்று எழுதியிருந்தார்கள்.

கார்டிஃப் செவிலி:

அணியின் பெயரைத் தவிர மற்ற இடங்களில் உங்கள் ஆசிரியர் செய்ததுதான் சரி. மக்கள், மொழி, இசை, சிலுவை, புலி, கடல் எல்லாமே கெல்டிக். கிளாஸ்கோ கால்பந்து அணி செல்டிக். அமெரிக்கக் கூடைப்பந்து அணி பாஸ்டன் செல்டிக்ஸ். இந்த இரண்டிலும் கை வைக்கக் கூடாது.

கிரேக்கர்கள் 'கெல்டோய்' என்றார்கள். சீசர் காலத்து லத்தீனிலும் க ஒலிதான். பின்னாளில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது ச ஆகிவிட்டது. 1887இல் கிளாஸ்கோ அணி தொடங்கப்பட்டபோது ச உச்சரிப்பே பரவலாக இருந்தது. பிறகு அறிஞர்கள் க ஒலிக்குத் திரும்பினார்கள், அணி திரும்பவில்லை. அந்த அணியைத் தொடங்கியவர் வால்ஃப்ரிட் என்ற துறவி. அயர்லாந்தின் ஸ்லைகோ பகுதியில் பிறந்தவர். கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் பசியோடு பள்ளிக்கு வந்த குழந்தைகளின் உணவுக்குப் பணம் திரட்டவே அணி உருவானது. உங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு வரி கொடுங்கள், அவர் அதற்குத் தகுதியானவர்.

இனம் என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். 'கெல்டிக் இரத்தம்' என்ற பேச்சு எனக்குப் பிடிப்பதே இல்லை. உறுதியாகப் பிடித்துக்கொள்ளக்கூடிய பொருள் ஒன்றுதான்: அது ஒரு மொழிக்குடும்பம். ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக், மான் தீவின் மாங்க்ஸ் ஒரு கிளை. வேல்ஸின் வெல்ஷ், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியின் கார்னிஷ், பிரான்ஸின் பிரிட்டனி பகுதியின் பிரெட்டன் இன்னொரு கிளை. மாங்க்ஸைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் 1974இல் இறந்தார். அதன் பிறகும் மான் தீவில் அதைக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்து மீட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நான் வேல்ஸில் வேலை பார்க்கிறேன். இங்கே தன்னைக் 'கெல்ட்' என்று சொல்லிக்கொள்ளும் ஆளைப் பார்ப்பது அரிது. அந்தச் சொல் விடுதிப் பெயரிலும் நகைக்கடையிலும் இசை விழாச் சுவரொட்டியிலும்தான் அதிகம். அவர்களுக்குத் தங்கள் மொழி 'கம்ராய்க்', அவ்வளவுதான். வெல்ஷ் தெரிந்த ஊழியர்கள் சட்டையில் ஆரஞ்சு நிறப் பேச்சுக்குமிழ் போட்ட பட்டை அணிவார்கள். எங்கள் வார்டில் ஒரு முதியவர் ஆங்கிலத்தில் எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். ஆரஞ்சுப் பட்டை அணிந்த தோழி வந்து வெல்ஷில் பேசியதும் வயிற்றில் கை வைத்து 'போய்ன்' என்றார். வலி என்று அர்த்தம். எப்போதிலிருந்து, எந்தப் பக்கம், சாப்பிட்ட பிறகா என்று கேட்டதற்கெல்லாம் விவரமாகப் பதில் வந்தது. கெல்டிக் என்பது அருங்காட்சியகச் சமாசாரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

புலி, கடல் இரண்டும் புதுப் பெயர்கள். 'புலிகள்' எனப்பட்ட, வேகமாக வளர்ந்த கிழக்காசிய நாடுகளைப் போல அயர்லாந்துப் பொருளாதாரம் பாய்ந்ததால் 1994இல் ஒரு பொருளாதார நிபுணர் அதைக் 'கெல்டிக் புலி' என்று எழுதினார். அயர்லாந்துக்குத் தெற்கே உள்ள கடலுக்குக் கெல்டிக் கடல் என்ற பெயர் முன்மொழியப்பட்டதே 1921இல்தான்.

பழங்கல்:

கற்கோடரியைக் குறிக்கும் 'செல்ட்' வேறு சொல். லத்தீன் விவிலியத்தில் யோபு நூலில் உளி என்ற பொருளில் வரும் ஒரு சொல்லிலிருந்து அது வந்தது. கெல்ட் மக்களோடு தொடர்பு இல்லை, உச்சரிப்பிலும் ச ஒலிதான். 2006இல் மயிலாடுதுறை அருகே செம்பியன்கண்டியூரில் கிடைத்த குறியீடுகள் கொண்ட கற்கோடரியைப் பற்றிய ஆங்கிலச் செய்திகளிலும் இந்தச் சொல் வந்தது. தமிழில் கற்கோடரி என்றே எழுதுங்கள், குழப்பமே வராது.

விவிலியத்தில் இன்னொன்றும் உண்டு. பவுல் நிருபம் எழுதிய கலாத்தியர் வாழ்ந்த நாட்டின் பெயரே கெல்ட் மொழி பேசியவர்களால் வந்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அவர்கள் இன்றைய அங்காரா வட்டாரத்தில் குடியேறினார்கள்.

குமரிமுனை:

ஸ்காட்லாந்துப் பெயர்களில் வரும் 'மக்' என்றால் மகன். மக்டொனால்டு, மக்லியோட். மக் என்பதும் மகன் என்பதும் ஒன்றாக இருக்கும்போது, கெல்டிக் மொழிகளின் வேர் தமிழ் என்று ஏன் எழுதக் கூடாது?

கார்டிஃப் செவிலி:

எழுதக் கூடாது ஐயா. தமிழ் மீது உங்களுக்கு உள்ள பற்று எனக்கும் உண்டு, அதனால்தான் சொல்கிறேன். அயர்லாந்தில் ஓகம் என்ற பழைய எழுத்தில் உள்ள கல்வெட்டுகளில் அந்தச் சொல் 'மக்கி' என்று இருக்கிறது. அதே சொல் பழைய வெல்ஷில் 'மப்', இன்று 'மாப்'. ஐரிஷில் க வரும் பல சொற்களில் வெல்ஷில் ப வரும். தலை அங்கே கியான், இங்கே பென். நான்கு அங்கே கியாஹர், இங்கே பெட்வர். ஐந்து கூயிக், பிம்ப். உறவை நிறுவுவது இப்படி வரிசையாக வரும் ஒலி மாற்றங்கள். ஒற்றைச் சொல் தற்செயலாக ஒத்துப்போகலாம். மூன்றுக்கு இரண்டு கிளைகளிலும் 'த்ரீ', சமஸ்கிருதத்திலும் 'த்ரி'. நம் மூன்று எங்கே, அது எங்கே? 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளைத் தனிக் குடும்பமாக நிறுவியதும் இலக்கண அமைப்பையே வரிசையாக ஒப்பிட்டுத்தான். அவர் வளர்ந்தது கிளாஸ்கோவில்.

தாமரைக்குளம்:

இருவருக்கும் நன்றி. கால்பந்து அணியைச் செல்டிக் என்றே விடும்படி ஆசிரியருக்கு எழுதிவிட்டேன். கடைசியாக ஒரு படக்குறிப்பு: 'கெல்டிக் முடிச்சு, முடிவில்லாக் காதலின் பழங்காலச் சின்னம்' என்று மூலத்தில் இருக்கிறது. அப்படியே போடலாமா?

கார்டிஃப் செவிலி:

'பழங்காலச் சின்னம்' என்பதை எடுத்துவிடுங்கள். அந்தப் பொருள் நகைக்கடைக்காரர்கள் சொல்வது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் உள்ள, சுமார் 800ஆம் ஆண்டைச் சேர்ந்த கெல்ஸ் நூல் என்ற நற்செய்தி ஏட்டில் இந்தப் பின்னல் பக்கம் பக்கமாக இருக்கிறது. இங்கிலாந்தில் எழுதப்பட்ட லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி ஏட்டிலும் இருக்கிறது. 'கெல்டிக் முடிச்சு வேலைப்பாடு' என்று போட்டால் போதும்.