டாட்சன் வாங்கலாமா? குடும்பக் குழுவில் ஒரு சனிக்கிழமை

கார்த்திக்: எல்லோருக்கும் ஒரு கேள்வி. ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர் தன் டாட்சன் ரெடி-கோவை விற்கிறார். 2018 மாடல், 1.0 இன்ஜின், ஒரே ஓனர். 2 லட்சம் சொல்கிறார், பேசினால் குறைப்பார். குழந்தையை வைத்துக்கொண்டு இனி பைக்கில் ஓட்ட முடியாது. வாங்கலாமா?

அம்மா: வாங்குப்பா. மழையில் பிள்ளையைத் துண்டு போட்டு மூடிக்கொண்டு நீங்கள் போவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ரேவதி அக்கா: டாட்சனா? அந்தக் கம்பெனியையே மூடிவிட்டார்களேடா!

கார்த்திக்: அதனால்தான் அக்கா 2 லட்சத்துக்கு வருகிறது. அதே வருஷத்து ஆல்ட்டோவுக்கு வாயைத் திறந்தாலே விலை மேலே போகிறது.

முத்து மாமா: மூடியது கம்பெனியை இல்லை, பெயரை. 2022 ஏப்ரலில் நிறுத்தினார்கள். டாட்சன் என்பது நிஸான்தான். நம்ம ஒரகடத்தில் ரெனோவும் நிஸானும் சேர்ந்து நடத்திய பிளான்ட்டில்தான் கோ, கோ பிளஸ், ரெடி-கோ மூன்றும் வந்தன. எங்கள் கம்பெனியும் அங்கே சின்னச் சின்ன பிளாஸ்டிக் சாமான் கொடுத்திருக்கிறது.

பெரியப்பா: டாட்சனைப் பற்றி யாரும் தப்பாகப் பேசாதீர்கள். நான் சவூதியில் தம்மாமில் இருந்த காலத்தில் அதுதான் ராஜா. சைட்டில் நின்ற பிக்கப் எல்லாம் டாட்சன். மணலில் புதைந்து கிடந்தாலும் சாவியைத் திருப்பினால் கிளம்பும்.

திவ்யா: பெரியப்பா, நீங்கள் ஓட்டியதற்கும் கார்த்திக் அண்ணா பார்ப்பதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. நடுவில் முப்பது வருஷம் அந்தப் பெயரே கிடையாது.

பெரியப்பா: அது எப்படி?

திவ்யா: 1981இல் நிஸான் முடிவெடுத்தது, உலகம் முழுக்க இனி எல்லாம் நிஸான் என்ற ஒரே பெயர்தான் என்று. சில வருஷத்தில் டாட்சன் பெயர்ப்பலகை எல்லாம் இறங்கிவிட்டது. அமெரிக்காவில் ஜனங்களுக்கு நிஸான் யாரென்றே தெரியாது, டாட்சனைத்தான் தெரியும். எண்ணெய் நெருக்கடி வந்த 1973இல் பெட்ரோல் கம்மியாகக் குடிக்கும் வண்டி வேண்டும் என்று ஓடி ஓடி டாட்சன் வாங்கியவர்கள் அவர்கள். அதற்கு முன்பே 240இசட் என்ற ஸ்போர்ட்ஸ் காரால் நல்ல பெயர். அப்படிப்பட்ட பெயரை யாராவது தூக்கி எறிவார்களா?

ரேவதி அக்கா: இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?

திவ்யா: எங்கள் வீட்டில் டாட்சன் நிற்கிறது அக்கா. எல்லோரும் “இது என்ன வண்டி” என்று கேட்டுக் கேட்டு நானே தேடிப் படித்துவிட்டேன். ஆரம்பமே சின்ன வண்டிதான். 1931இல் ஜப்பானில் 500 சிசிக்கு உள்ளே இன்ஜின் இருந்தால் லைசென்ஸ் தேர்வு எழுத வேண்டாம் என்று ஒரு விதி இருந்தது. அதற்குள் அடங்கும்படி 495 சிசியில் ஒரு குட்டிக் கார் செய்தார்கள். அப்புறம் நிஸான் கைக்கு வந்து, 1935இல் யோகோஹாமா தொழிற்சாலையில் கன்வேயர் வைத்து வரிசையாகச் செய்ய ஆரம்பித்தார்கள்.

பெரியப்பா: அப்படியானால் நான் சொன்னது சரிதானே. நல்ல பரம்பரை.

முத்து மாமா: பரம்பரை நல்லதுதான் அத்தான். 2012இல் அப்போதைய நிஸான் தலைவர் கார்லோஸ் கோன் அந்தப் பெயரைத் தூசி தட்டி எடுத்தார். இந்தியா, இந்தோனேசியா, ரஷ்யா, அப்புறம் தென்னாப்பிரிக்கா. முதல் தடவை கார் வாங்குபவர்களுக்கான பிராண்ட் என்றார்கள்.

கார்த்திக்: கோன் என்றால், பெட்டிக்குள் ஒளிந்து ஜப்பானிலிருந்து லெபனானுக்குத் தப்பிப் போனவரா?

முத்து மாமா: அவரேதான். அந்தக் கதையை ஆரம்பித்தால் உன் வண்டி கதை நின்றுவிடும்.

ரேவதி அக்கா: எனக்கு ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது. 2014இல் டாட்சன் கோ காரை மோதிப் பார்த்து ஜீரோ ஸ்டார் கொடுத்தார்களே? டிவியில் கூடக் காட்டினார்கள்.

முத்து மாமா: ஆமாம், குளோபல் என்கேப், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கிற அமைப்பு. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்தார்கள். வண்டியின் கூடே நிலைக்கவில்லை, இதில் ஏர்பேக் வைத்தாலும் பயன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதன் தலைவர் மேக்ஸ் மோஸ்லி நேராக கோனுக்கே கடிதம் எழுதினார், இந்த வண்டியை விற்காதீர்கள் என்று.

அம்மா: ஐயோ. அப்படியென்றால் வேண்டாம்பா.

பாஸ்கர் சித்தப்பா: அண்ணி, நான் அதே கோ காரைத்தான் 2015இல் இருந்து ஓட்டுகிறேன். பயப்படாதீர்கள்.

பாஸ்கர் சித்தப்பா: அதோடு சேர்த்து ஸ்விஃப்டையும் மோதிப் பார்த்தார்கள். அதுவும் ஜீரோ. அதே வருஷ ஆரம்பத்தில் ஆல்ட்டோ, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ எல்லாம் ஜீரோ. ஏர்பேக் இல்லாத மாடல்கள்தான் எல்லாமே. ஸ்விஃப்ட் விற்பனை ஒரு நாளாவது நின்றதா? டாட்சனை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

ரேவதி அக்கா: நாலு பேர் ஃபெயில் ஆனால் நாமும் ஃபெயில் ஆகலாமா சித்தப்பா?

பாஸ்கர் சித்தப்பா: அதைச் சொல்லவில்லை ரேவதி. டாட்சன் விழுந்ததற்கு அது காரணம் இல்லை என்கிறேன்.

சித்தி: காரணத்தை நான் சொல்கிறேன். கல்யாணத்துக்குப் போய் இறங்கினால் நாலு பேர் பார்க்கிற மாதிரி இல்லை, அவ்வளவுதான்.

பாஸ்கர் சித்தப்பா: நீ சும்மா இரு.

சித்தி: உள்ளதைத்தான் சொல்கிறேன். டேஷ்போர்டில் பெட்டி இருக்கிறது, அதற்குக் கதவு இல்லை. முன்னால் ஒரே ஒரு வைப்பர். பாட்டு கேட்க ஸ்டீரியோ இல்லை, செல்போனைச் சொருக ஒரு கொக்கி கொடுத்தார்கள். ஹேண்ட் பிரேக் குடைக் கம்பி மாதிரி டேஷ்போர்டுக்குக் கீழே இழுக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் “உனக்கு இது போதும்” என்று சொல்கிற மாதிரி இருக்கும்.

திவ்யா: அம்மா சொன்னதுதான் மொத்த விஷயமும்.

பெரியப்பா: விலை குறைவு என்றால் அப்படித்தானே இருக்கும்?

திவ்யா: பெரியப்பா, நம்ம ஆட்களுக்கு முதல் கார் என்பது வீட்டுக்கு அடுத்த பெரிய செலவு. பத்து வருஷம் சேர்த்து வைத்து வாங்குகிறவன் “மலிவான கார்” வாங்கப் போகவில்லை, கார் வாங்கப் போகிறான். 1983இல் மாருதி 800 வந்தபோது அதுவும் சின்ன வண்டிதான். ஆனால் அதை யாரும் ஏழைக்குச் செய்த வண்டி என்று பார்க்கவில்லை. அம்பாசடர் பக்கத்தில் நிறுத்தினால் புதுசாக மின்னியது. டாட்சனில் எதை எடுத்துவிட்டார்கள் என்பதுதான் முதலில் கண்ணில் படும்.

முத்து மாமா: நன்றாகச் சொன்னாய். இன்னொன்று, வீட்டுக்குள்ளேயே போட்டி. கோ 2014 மார்ச்சில் 3.12 லட்சத்துக்கு வந்தது. 2015 செப்டம்பரில் ரெனோ க்விட் 2.57 லட்சத்துக்கு இறங்கியது. அதே ஒரகடம் பிளான்ட். பார்க்க குட்டி எஸ்யூவி, மேல் மாடலில் டச் ஸ்கிரீன். ஜனங்கள் அப்படியே அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ரெடி-கோ 2016 ஜூனில் 2.39 லட்சத்துக்கு வந்தது. உள்ளே எலும்பும் இன்ஜினும் க்விட்டுடையது, ஆனால் க்விட் முதலில் வந்து இடம் பிடித்துவிட்டது.

கார்த்திக்: மாமா, அப்போது ஸ்பேர் க்விட்டில் இருந்தே கிடைக்குமா?

முத்து மாமா: இன்ஜின், கியர்பாக்ஸ் சம்பந்தப்பட்டதில் பெரும்பாலும் கிடைக்கும். க்விட் இன்னும் விற்கிறது, அந்த பிளான்ட்டும் ஓடுகிறது. 2025இல் நிஸான் பங்கையும் ரெனோவே வாங்கிவிட்டது. நிஸானும் டாட்சன் ஓனர்களுக்கு சர்வீஸ், ஸ்பேர் தொடரும் என்றுதான் அறிவித்தது. நான் யோசிப்பது பாடி சாமான். ஹெட்லைட், பம்பர், டெயில் லேம்ப், கதவு எல்லாம் ரெடி-கோவுக்கு மட்டும் ஆனது. அடிபட்டால் உடனே கிடைக்கும் என்று நம்பாதே. பின்னாடி இடிக்காமல் ஓட்டக் கற்றுக்கொள்.

கார்த்திக்: மாமா!

ரேவதி அக்கா: ஹா ஹா. ஸ்கூட்டியையே சுவரில் வைத்தவன்.

கார்த்திக்: அது பத்தாம் வகுப்பில். சித்தப்பா, ஓட்டுவதற்கு எப்படி இருக்கும் என்று நீங்கள் சொல்லுங்கள்.

பாஸ்கர் சித்தப்பா: வாய்ஸ் போடவா?

திவ்யா: அப்பா, டைப் பண்ணுங்கள். உங்கள் வாய்ஸ் அஞ்சு நிமிஷம் போகும்.

பாஸ்கர் சித்தப்பா: சரி. என்னுடையது கோ, 1.2 லிட்டர். நிஸான் மைக்ராவின் இன்ஜின். 68 குதிரைத்திறன்தான், ஆனால் வண்டி லேசானது, அதனால் பிய்த்துக்கொண்டு போகும். வந்தவாசி ரோட்டில் லாரியைத் தாண்ட யோசிக்கவே வேண்டாம். இடம் தாராளம். டிக்கியில் அரிசி மூட்டையும் வைத்து, ஊருக்குப் பெட்டியும் வைக்கலாம். ஹைவேயில் நிதானமாகப் போனால் லிட்டருக்கு 20க்குப் பக்கத்தில் தரும். ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி. சத்தம் உண்டு, மூன்று சிலிண்டர், தகடும் மெல்லிசு. மழை பெய்தால் கூரைக்குக் கீழே தகரக் கொட்டகை மாதிரி கேட்கும்.

பாஸ்கர் சித்தப்பா: விற்கப் போனால்தான் வலிக்கும். பழைய கார் வாங்குபவர் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்ன விலையைக் கேட்டு, வீட்டுக்கே திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். புதிதாக வாங்கியவனுக்கு அது நஷ்டம். பழையதாக வாங்குகிற உனக்கு அதுவே லாபம். முதல் ஓனரின் நஷ்டத்தில் நீ ஓட்டப் போகிறாய்.

சித்தி: ஒன்று ஒத்துக்கொள்கிறேன். இத்தனை வருஷத்தில் நடுரோட்டில் என்னை இறக்கிவிட்டதில்லை. ஒரு தடவை மட்டும் எலி வயரைக் கடித்துவிட்டது, அதற்கு வண்டி என்ன செய்யும்?

பெரியப்பா: பார்த்தாயா. நான் சொன்னேன் அல்லவா.

ரேவதி அக்கா: எல்லாம் சரி, குழந்தையை உட்கார வைக்கப் போகிற வண்டி. பாதுகாப்பு என்ன? ரெடி-கோவுக்கு எத்தனை ஸ்டார்?

முத்து மாமா: 2019இல் சோதித்தார்கள். பெரியவர்களுக்கு ஒரு ஸ்டார். இதில் பேச ஒன்றும் இல்லை, பலவீனமான வண்டிதான். ஆனால் மழையில் பைக்கில் மூன்று பேர் போவதோடு ஒப்பிட்டால் கணக்கு வேறு. கார்த்திக், ஒன்று முக்கியம். அந்த 2018 வண்டி எந்த வேரியன்ட்?

கார்த்திக்: டி(ஓ) என்று சொன்னார்.

முத்து மாமா: ஏர்பேக் இருக்கிறதா என்று ஸ்டீயரிங்கைப் பார்த்து உறுதி செய். கொஞ்சம் பொறுத்து 2019 ஜூலைக்குப் பிறகு செய்த வண்டி தேடினால் நல்லது. 2019 ஏப்ரலில் இருந்து ஏபிஎஸ், அதாவது திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது, கட்டாயம், ஜூலையில் இருந்து டிரைவர் ஏர்பேக், ரிவர்ஸ் சென்சார், பெல்ட் அலாரம் கட்டாயம் என்று சட்டம் வந்துவிட்டது. ஒரே வண்டி, ஒரு வருஷ வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்கு முப்பது நாற்பதாயிரம் கூடக் கொடுத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

கார்த்திக்: வண்டியில் கம்பெனி பதித்த தகட்டில் உள்ள தேதியையா, ஆர்சியில் உள்ள தேதியையா பார்ப்பது?

முத்து மாமா: இரண்டும். ஆர்சியில் தயாரித்த மாதம், பதிவு செய்த தேதி தனித்தனியாக இருக்கும். தயாரித்த மாதம்தான் கணக்கு.

அம்மா: சரிப்பா, நீ வாங்கப் போவது இந்த வண்டியா, வேறு வண்டியா?

கார்த்திக்: அம்மா, எனக்கே குழப்பமாக இருக்கிறது. இந்த வண்டியில் ஏபிஎஸ் கிடையாது என்று விற்பவர் இப்போதுதான் சொன்னார். நேர்மையாகச் சொன்னதற்கு ஒரு கும்பிடு.

ரேவதி அக்கா: அப்போது விடு.

பாஸ்கர் சித்தப்பா: விடச் சொல்ல மாட்டேன், போய்ப் பார்த்துவிட்டு வா. அவர் வண்டி நன்றாக இருந்து, ஒன்றரைக்குக் கீழே தருகிறார் என்றால், டவுனுக்குள் ஓட்ட, ஆஸ்பத்திரிக்குப் போக அது போதும். ஹைவேயில் குடும்பத்தோடு போக 2019, 2020 வண்டி தேடு. அவசரம் இல்லை.

திவ்யா: அண்ணா, பின்சீட் பெல்ட் குழந்தை சீட்டைச் சுற்றிப் பூட்டுகிற அளவு நீளமா என்று பார். சீட்டை எடுத்துக்கொண்டே போய் வைத்துப் பார்.

சித்தி: ஏசி போட்டு ஐந்து நிமிஷம் நிறுத்தி வைத்தும் பார்.

பெரியப்பா: லோன் பாக்கி இருக்கிறதா, லோன் முடிந்தது என்று பேங்க் என்ஓசி கொடுத்ததா என்பதையும் கேள். எல்லோரும் இன்ஜினையே பார்க்கிறீர்கள்.

முத்து மாமா: அத்தான் சொன்னதுதான் முதல் வேலை. ஆர்சியில் பேங்க் பெயர் இருந்தால் அதை எடுக்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதே.

கார்த்திக்: சரி மாமா. நாளைக்கு நீங்கள் வர முடியுமா? படப்பையில்தான் வண்டி நிற்கிறது.

முத்து மாமா: காலையில் எட்டு மணிக்கு வருகிறேன். அவரிடம் சொல்லிவிடு, நாம் போவதற்கு முன்னால் ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று. ஆறிக் கிடக்கிற இன்ஜினைத்தான் நான் கேட்க வேண்டும்.