படைப்புக் கதைகளில் எது 'அசல்'? சனிக்கிழமைக்குள் தெரிய வேண்டும்

திண்ணைக்கதை:

வணக்கம். எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். பதினைந்து இருபது பேர் வருவார்கள், பாதிப் பேர் சுண்டலுக்காக. இந்த மாதம் உலகம் உண்டான கதைகள். பாபிலோன் முடிந்தது. மர்துக் என்ற கடவுள் தியாமத் என்ற கடல் தேவதையைக் கொன்று, கருவாட்டுக்கு மீனைப் பிளப்பது போல இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை வானமாக்கினான் என்றதும், "குடல் எங்கே போச்சு?" என்று கேட்டாள் ஒருத்தி. (அந்த உவமை என்னுடையதல்ல, பாபிலோனியர் எழுதி வைத்த களிமண் பலகையிலேயே இருக்கிறது.)

அடுத்தது மத்திய அமெரிக்க மாயா மக்களின் படைப்புக் கதையான போபோல் வூ. மூன்று இடத்தில் படித்தேன், மூன்றும் மூன்று மாதிரி. ஒன்றில் மண் மனிதன், மர மனிதன், மக்காச்சோள மனிதன் என்று வரிசையாக வருகிறது. இன்னொன்றில் மர மனிதரையே காணோம். மூன்றாவதில் ஒரே கடவுள் எல்லாவற்றையும் செய்கிறார், பைபிள் வாசிப்பது போலவே இருக்கிறது. எது அசல்? கலப்படத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க மனசில்லை.

சோளக்காடு:

அக்கா, அசலைத் தேடினால் அகப்படாது. யார், எப்போது எழுதி வைத்தார்கள் என்று தேடுங்கள். 1524-இல் ஸ்பானியர் குவாத்தமாலாவின் கீச்சே மாயா நாட்டைப் பிடித்தார்கள். அதற்குச் சில பத்தாண்டுகள் கழித்துக் கீச்சே பெரியவர்கள் இதைத் தங்கள் மொழியில், ரோமன் எழுத்தில் எழுதினார்கள். அந்த ஏடு இப்போது இல்லை. 1701 வாக்கில் சிச்சிகாஸ்தெனாங்கோவில் இருந்த பிரான்சிஸ்கோ ஹிமெனெஸ் என்ற பாதிரியார் பார்த்து எழுதிய படிதான் மிச்சம், பக்கத்தில் கீச்சே ஒரு நெடுவரிசை, ஸ்பானிஷ் ஒரு நெடுவரிசையாக. சிகாகோ நியூபெரி நூலகத்தில் இருக்கிறது.

கிறித்தவம் வந்துவிட்ட காலத்தில் எழுதுகிறோம் என்று எழுதியவர்களே தொடக்கத்தில் சொல்லிவிடுகிறார்கள். அதனால் பைபிள் வாடை அடித்தாலே கலப்படம் என்று தள்ள வேண்டாம். ஆனால் இதில் படைப்பவர் ஒருவரல்ல. பலர் கூடிப் பேசி, செய்து பார்த்து, சொதப்பி, திரும்பச் செய்கிறார்கள். ஒரே கடவுளாக்கியது பிறகு யாரோ வைத்த கை.

மர மனிதரை மட்டும் விட்டுவிடாதீர்கள், கதைக்கு உயிரே அங்கேதான். மண் மனிதன் கரைந்துவிடுகிறான். மரத்தில் செய்தவர்கள் நடக்கிறார்கள், பேசுகிறார்கள், பெற்றுப் பெருகுகிறார்கள், ஆனால் நெஞ்சில் ஒன்றுமில்லை. வெள்ளம் வருகிறது. கூடவே வீட்டுச் சாமான்கள் எல்லாம் எதிர்த்துக் கிளம்புகின்றன. "சோறு போடவில்லை, கம்பைத்தான் எடுத்தாய்" என்கிறது நாய். "விடிந்தால் அடைந்தால் எங்கள் முகத்தில்தானே தேய்த்தாய், ஹோலி ஹோலி, ஹுகி ஹுகி" என்கிறது அரைக்கிற கல். பானைக்கோ முகமெல்லாம் கரியானதில் கோபம். கூரையில் ஏறினால் வீடு சரிகிறது, மரத்தில் ஏறினால் மரம் உதறுகிறது. மிஞ்சியவர்களின் வாரிசுதான் குரங்கு.

அப்புறம்தான் மஞ்சளும் வெள்ளையுமான மக்காச்சோள மாவில் நான்கு பேர். எங்கள் காட்டில் விளைவது அத்தனையும் கோழித் தீவனத்துக்குப் போகிறது. இதில் மனிதனைச் செய்தார்களாம் என்று அப்பாவிடம் சொன்னேன். "குவிண்டால் என்ன விலைக்கு எடுத்தாங்க?" என்றார்.

முணுமுணுப்பு:

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். முட்டைக்குள்ளிருந்து வந்து உலகை உண்டாக்கிய பான்கு என்பவரின் கதையைச் 'சீனாவின் ஆதிக்கதை' என்று போடாத புத்தகம் இல்லை. அது எழுத்தில் வருவது கி.பி. 3-ஆம் நூற்றாண்டில், கன்பூசியஸ் செத்து எழுநூறு வருடம் கழித்து. உடலிலிருந்து உலகம் உண்டான யிமிர் என்ற அரக்கனின் ஐஸ்லாந்துக் கதையை விரிவாகத் தொகுத்த ஸ்னோரி 13-ஆம் நூற்றாண்டுக் கிறித்தவர்.

உப்புக்காற்று:

குமுலிப்போ என்ற ஹவாயின் படைப்புப் பாட்டையும் சேருங்கள். 2,102 அடி. இருட்டில் முதலில் பிறப்பது பவளப் பூச்சி. பிறகு புழு, நட்சத்திர மீன், கடல் அட்டை என்று ஏறி ஏறிக் கடைசியில் அரச குடும்பத்தில் வந்து நிற்கும். திருவாலங்காட்டுச் செப்பேடு சோழரைச் சூரியனிடமிருந்து கொண்டுவருகிறதே, அந்த மாதிரி வம்சாவளி. மன்னர் கலாகாவா 1889-இல் அச்சிட்டார். அவர் தங்கை லிலியுவோகலானி அரசியாகி, 1893-இல் ஆட்சியைப் பறிகொடுத்து, 1895-இல் சொந்த அரண்மனையிலேயே சிறைவைக்கப்பட்டபோது அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க உட்கார்ந்தார். 1897-இல் வெளிவந்தது. நாட்டைப் பிடுங்கிக்கொண்டவர்களின் மொழியில் தன் பரம்பரையைப் பவளத்திலிருந்து எழுதியிருக்கிறார்! எது அசல் என்று அவரிடம் போய்க் கேட்க முடியுமா?

திண்ணைக்கதை:

எல்லோருக்கும் நன்றி. மர மனிதரைச் சொன்னேன், அரைக்கிற கல்லை அம்மியாக்கி. தப்பாகிப்போனது. அம்மியை ஓட்டிப் பார்த்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஒரு பையன், "எங்க வீட்டு மிக்ஸி கத்துறது அதுக்குத்தானா?" என்றான். அதற்கப்புறம் எங்கே கதை சொல்ல விட்டார்கள், ஆளுக்கொரு மிக்ஸியாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். மக்காச்சோள மனிதர் அடுத்த வாரம். சோளக்காடு தம்பி, மஞ்சளும் வெள்ளையுமாக நான்கு கதிர் அனுப்ப முடியுமா?