ரோல் சரியாக இருந்தும் அடுத்த பட்டறை ஆர்டர் திறக்கிறது

செவ்வாய்பேட்டை_கோடர்:
சேலத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கான ஆர்டர் செயலி இது, எக்ஸ்பிரஸ் 4-இல் (நோட்.ஜேஎஸ் வெப் ஃபிரேம்வொர்க்). முதலாளி, கணக்கர், ஆசாரி என்று மூன்று ரோல். கோடின் மேலே ஆப்.யூஸ்-இல் ஒரே மிடில்வேர் (ஹேண்ட்லருக்கு முன் ஓடும் ஃபங்ஷன்), டோக்கனில் (உள்நுழைந்தவரின் அடையாளச் சீட்டு) உள்ள ரோலைப் பார்த்து உள்ளே விடும். ஆனால் 12-ஆம் பட்டறை ஆசாரி பிரவுசர் முகவரியில் (URL) ஆர்டர் எண்ணை மாற்றினால், 13-ஆம் பட்டறைக்குக் கொடுத்த வெள்ளி எடை, கூலி, சேதாரம் எல்லாம் தெரிகிறது. மிடில்வேரில் ரெக்.பாராம்ஸ்-ஐப் (முகவரியில் உள்ள ஆர்டர் எண் வர வேண்டிய இடம்) பார்த்தால் காலியாக இருக்கிறது. ஏன்?

ஏற்காட்டு_மிளகு:
ஆப்.யூஸ் ஓடும்போது ரூட் (அந்த முகவரிக்கான பாதை) இன்னும் பொருந்தவில்லை, அதனால்தான் காலி. சோதனையை ரூட்டிலேயே வையுங்கள்: முதலில் உள்நுழைவு, பிறகு உரிமை, கடைசியில் வேலையைச் செய்யும் ஹேண்ட்லர்.

அதோடு முடியாது. ஆசாரி என்பது ரோல். இந்த ஆர்டர் அவருடையதா என்பது வேறு கேள்வி. அதற்கு டேட்டாபேஸைத்தான் கேட்க வேண்டும். டேட்டாபேஸ் கொயரியில் ஆர்டர் எண்ணோடு பட்டறை எண்ணையும் நிபந்தனையாகச் சேருங்கள். பட்டறை எண் டோக்கனிலிருந்துதான் வர வேண்டும், முகவரியிலிருந்தோ ஃபார்மிலிருந்தோ எடுக்கவே கூடாது. பொருந்தும் பதிவு கிடைக்காவிட்டால் 404 (இல்லை) அனுப்புங்கள். 403 (அனுமதி இல்லை) அனுப்பினால் அப்படி ஓர் ஆர்டர் இருப்பது வெளியே தெரிந்துவிடும். திருத்துவது, அழிப்பது இரண்டுக்கும் இதே நிபந்தனை வேண்டும்.

சூரமங்கலம்_பேக்எண்ட்:
இன்னும் இரண்டு இடம் பாருங்கள். மிடில்வேரில் 403 அனுப்பும் வரியின் தொடக்கத்தில் ரிட்டர்ன் இருக்கிறதா? இல்லையென்றால் கீழே உள்ள நெக்ஸ்ட்-உம் (அடுத்த ஃபங்ஷனுக்கு அனுப்பும் அழைப்பு) ஓடும். பயனருக்கு 403 போயிருக்கும், ஆனால் ஹேண்ட்லர் ஆர்டரை அழித்திருக்கும். லாகில் ஹெடர் ஏற்கெனவே அனுப்பப்பட்டது என்ற பிழை வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து, பாதை 'அட்மின்' என்று தொடங்குகிறதா என எழுத்துச் சரத்தை (string) ஒப்பிட்டுத் தடுக்காதீர்கள். எக்ஸ்பிரஸ் ரூட்டர் இயல்பாகப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்ப்பதில்லை. உங்கள் ஒப்பீடு பார்க்கும். ஒரே ஓர் எழுத்தைப் பெரிதாக்கினால் தடையைத் தாண்டிவிடலாம்.

செவ்வாய்பேட்டை_கோடர்:
நிபந்தனை சேர்த்தேன், 13-க்கு இப்போது 404 வருகிறது. ரிட்டர்னும் ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தது. ஆனால் பில் பிடிஎஃப் லிங்க்கை டோக்கனே இல்லாமல் திறக்க முடிகிறது.

ஏற்காட்டு_மிளகு:
பில் ஃபோல்டரை எக்ஸ்பிரஸ்.ஸ்டாட்டிக்-இல் (ஃபைல்களை அப்படியே வெளியே தருவது) கொடுத்து, அந்த வரியை மிடில்வேருக்கு மேலே வைத்திருப்பீர்கள். அதை எடுத்துவிட்டு ஃபோல்டரை பப்ளிக்குக்கு வெளியே நகர்த்துங்கள். பில்லுக்குத் தனி ரூட் போட்டு, அதே பட்டறை நிபந்தனை தேறிய பிறகு சென்ட்ஃபைல் மூலம் ஃபைலை அனுப்புங்கள்.