மிஸ் அடித்த இன்ஜின்: உங்களுக்கு எங்கே சிக்கியது?

பழையவண்டி:
என் கார் இருபது வயதைத் தாண்டியது. நாலு சிலிண்டர், ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் தலையிலும் அதற்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் தனித்தனி காயில். ஒரு நாள் காலை ஸ்டார்ட் செய்ததும் ஸ்டியரிங் கையில் துடித்தது. பின்னால் போய்க் கேட்டால் சைலன்சர் சத்தம் நாலு தட்டுக்கு ஒரு தட்டை விழுங்குகிறது. ஸ்கேனரைச் செருகினேன், வந்த எரர் கோட்: பி0303. கடைசி எண்தான் சிலிண்டர். மூன்றாவது மிஸ் அடிக்கிறது, அதாவது சரியாக எரியவில்லை என்பதற்கு மேல் அது வாயைத் திறக்காது. பிளக்கா, காயிலா, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரா, கம்ப்ரஷனா (சிலிண்டருக்குள் அழுத்தம்) என்பது நம் பாடு.

புதுக் காயில் வாங்கக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு, மூன்றின் காயிலை இரண்டிலும் இரண்டின் காயிலை மூன்றிலும் மாற்றிப் போட்டேன். எரர் கோடை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டினால் மறுபடி பி0303. சரி, காயில் தப்பித்தது. அப்புறம் இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, மூன்றின் பிளக்கை ஒன்றுக்கு மாற்றினேன். (அலுமினிய ஹெட்டில் சூட்டோடு பிளக் கழற்றினால் மரை உரிந்துவிடும், அவசரப்படாதீர்கள்.) இந்தத் தடவை பி0301!

நம்பவே முடியவில்லை. அந்த நாலு பிளக்கையும் ஒரு மாதம் முன்புதான் நானே புதிதாகப் போட்டிருந்தேன். புதுசு என்பதாலேயே அதன்மேல் சந்தேகம் வரவில்லை. மறுபடி கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக, பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. முதல் தடவை கழற்றியபோது எண்ணெய்க் கறை என்று நினைத்துத் துடைத்துப் போட்டுவிட்டேன். கறை என்றால் துணியில் வந்துவிடும், இது வரவில்லை. மின்சாரம் பிளக்கின் முனைக்குப் போகாமல் பீங்கானின் வெளிப்பக்கமாகவே ஓடி, வழியைக் கரியாக்கி வைத்திருக்கிறது. கரி பிடித்த பிறகு அதற்கு அதுவே சுலபமான பாதை.

ஏன் மூன்றில் மட்டும்? பிளக் குழிக்குள் டார்ச் அடித்தால் அடியில் எண்ணெய் பளபளத்தது. டேப்பட் கவருக்கு அடியில் குழியைச் சுற்றி இருக்கும் வளைய சீல் இறுகிப்போய்க் கசிந்திருக்கிறது. எண்ணெயில் ஊறிய காயில் பூட் (காயிலையும் பிளக்கையும் இணைக்கும் ரப்பர் உறை) கொழகொழவென்று ஊதிக் கிடந்தது, அதற்குள்ளும் மங்கலாக ஒரு கோடு. பிளக், பூட், சீல் மூன்றையும் மாற்றினேன். பிளக்கை மட்டும் மாற்றியிருந்தால் கொஞ்ச நாளில் அதே கதைதான்.

ஒன்று மட்டும்: இன்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னினால் ஓட்டிப் பார்க்கும் வேலையெல்லாம் வேண்டாம். எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் கெடுத்துவிடும்.

கார்புரேட்டர்காரன்:
ஸ்கேனர் செருக இடமே இல்லாத வண்டி என்னுடையது. ஈரமான காலை என்றால் மட்டும் மிஸ் அடிக்கும், வெயில் ஏறினால் குணமாகிவிடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோகும் நேரத்துக்கு எப்போதும் நல்ல பிள்ளையாக ஓடும்.

ஒரு நாள் இரவு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, பானட்டைத் திறந்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இன்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, பூச்செடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயால் பிளக் வயர்கள்மேல் லேசாகத் தண்ணீர் தூவினேன். இரண்டாவது வயரிலிருந்து இன்ஜின் பிளாக்குக்கு நீலநிறத்தில் நூல் நூலாகத் தாவியது பாருங்கள்! பார்க்க அழகுதான், ஆனால் கையைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், ஆயிரக்கணக்கான வோல்ட். வயர் செட்டை மாற்றினேன். ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்புக்கு உள்ளே மயிரிழை விரிசல் இருந்தது, அதையும் மாற்றினேன்.

மாற்றிய கையோடு வண்டி படபடவென்று கார்புரேட்டர் வழியே வெடித்தது. மூன்று வயரை இடம் மாற்றிச் செருகியிருந்தேன். என் வண்டியின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-4-2, நான் வரிசையாக 1-2-3-4 என்று போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றேன். இப்போதெல்லாம் கழற்றும் முன் ஒவ்வொரு வயரிலும் டேப் ஒட்டி எண் எழுதிவிடுகிறேன்.

ஐட்லிங்:
என் வண்டி நிற்கும்போது மட்டும் உதறும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சீராகிவிடும். பிளக், காயில் எல்லாம் மாற்றிப் பார்த்து ஏமாந்த பிறகுதான் காற்றுக் கசிவு ஞாபகம் வந்தது. ஐட்லிங்கில் இன்ஜின் குடிக்கும் காற்றே கொஞ்சம், அதனால் சின்ன ஓட்டையில் வருவதுகூடக் கலவையைக் கெடுத்துவிடும். த்ராட்டில் திறந்தால் அந்தக் கசிவு கணக்கிலேயே வராது. இன்ஜினின் காற்றுப் பாதையோடு சேரும் ரப்பர் குழாய்களை (வேக்குவம் ஹோஸ்) ஒவ்வொன்றாக நசுக்கிக்கொண்டே வந்தேன், ஒன்றை நசுக்கியதும் உதறல் நின்றது. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் மேனிஃபோல்டின் பின்பக்கம், அந்த ஹோஸின் கண்ணுக்குத் தெரியாத அடிப்பாகத்தில் வெடிப்பு. எளிதில் தீப்பிடிக்கும் கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயை அடித்துக் கண்டுபிடிப்பவர்களும் உண்டு. சூடான இன்ஜின்மேல் அதை அடிக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ரெண்டும்மூணும்:
எனக்குக் கதை இவ்வளவு நன்றாக முடியவில்லை. 2, 3 இரண்டுமே மிஸ். எதை இடம் மாற்றினாலும் எரர் கோட் அசையவில்லை. கடைசியில் எல்லா பிளக்கையும் கழற்றி, பெட்ரோல் பம்ப், இக்னிஷன் இரண்டின் ஃபியூஸையும் பிடுங்கி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு கம்ப்ரஷன் பார்த்தேன். 1, 4 இரண்டும் 170 பி.எஸ்.ஐ. பக்கம். 2, 3 இரண்டும் 60-ஐத் தாண்டவில்லை. ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுப் பார்த்தும் முள் ஏறவில்லை. ஏறியிருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று சொல்லலாம். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் சேர்ந்தே விழுந்தால் அவற்றின் நடுவே ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் இருக்கும் சீல்) போய்விட்டது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். ஹெட்டைத் தூக்கினபோது அப்படியேதான் இருந்தது, இரண்டு துளைக்கும் நடுவே விரல் அகலத்துக்கு எரிந்திருந்தது. அந்த வேலையை வீட்டில் செய்யவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

பழையவண்டி:
சீல் மாற்றி நாலு மாதம் ஆகிறது. அவ்வப்போது காயிலைத் தூக்கி, ஸ்க்ரூடிரைவர் நுனியில் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிக் குழிக்குள் விட்டு எடுக்கிறேன். இதுவரை வெள்ளையாகத்தான் வருகிறது.